நிக்கொலஸ் நங்கூரம் போடும் இடம்

உச்சமுனையில் மீன் இல்லாமல் கரை திரும்புகிறவர் யார் என்று கேட்டால், எல்லாரும் நிக்கொலஸின் வீட்டுப் பக்கம்தான் கையைக் காட்டுவார்கள். காலையில் போட்டைத் தள்ளிக்கொண்டு போவார். தீவுக்கு உட்பக்கம் அடங்கிக் கிடக்கிற கடலான களப்பில் எப்போதும் ஒரே இடம். நங்கூரத்தைப் போடுவார், தூண்டிலை இறக்குவார், தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு குந்துவார். வெயில் ஏறினால் படங்கை இழுத்துக் கட்டி அதன் கீழே இருப்பார். பின்னேரம் வரும்போது வாளிக்குள் நாலு ஒட்டி மீன் கிடக்கும். சில நாளில் அந்த நாலும் இராது. அண்ணன் கடலுக்கு நித்திரை கொள்ளத்தான் போகிறவர் என்று கரையில் வலை உதறுகிற இளந்தாரிகள் சிரிப்பார்கள். அவரும் கூடச் சிரித்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மணலில் ஏறி வீட்டுக்குப் போவார்.

இத்தனைக்கும் ஒரு காலத்தில் அந்தக் கரையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கச்சான் காற்று அடிக்கிற நாளில் மற்றவர்கள் சீட்டு விளையாடிக்கொண்டிருக்க, அவர் மட்டும் போய் இரண்டு பெட்டி நிறைய மீனோடு வருவார். மகள் ஜெசிக்காவைச் சிலாபத்தில் கட்டிக்கொடுத்தது அந்த மீனில்தான். வீட்டுக்கு ஓடு போட்டதும் அந்த மீனில்தான். அவருக்கு மந்திரம் ஒன்றும் தெரியாது. குறி பிடிக்கத் தெரியும். கரையில் இருக்கிற இரண்டு பொருள்களை, ஒரு மரத்தையும் ஒரு கூரையையும் என்று வையுங்கள், ஒரே கோட்டில் வரும்படி பார்க்கவேண்டும். வேறு திசையில் இன்னும் இரண்டை அதேபோலப் பிடிக்கவேண்டும். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் நின்றால், போன மாசம் மீன் பட்ட அதே இடத்துக்குமேல் நிற்கலாம். கடலில் வீதியும் இல்லை, வீட்டு இலக்கமும் இல்லை, குறிதான் எல்லாம்.

அதனால் அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அண்ணன் தம்பிக்குச் சொல்லமாட்டான், மாமன் மருமகனுக்குச் சொல்லமாட்டான். உச்சமுனை ஆம்பிளை பங்குச் சுவாமியிடம் பாவத்தைச் சொல்வான், குறியைச் சொல்லமாட்டான் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. ஐம்பத்தெட்டு வயதுக்குள் நிக்கொலஸ் அந்தச் சட்டத்தை ஒரே ஒரு தடவைதான் மீறினார். அதுவும் நல்ல காரியம் என்று நினைத்து மீறினார்.

நல்ல காரியங்கள் அந்தக் கரைக்குப் புதிதில்லை. முதலில் கண்டல் நட வந்தார்கள். தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று யாரையும் கேட்காமல் ஆயிரம் கன்றை வெறுஞ்சேற்றில் நட்டார்கள். ஆடு தின்றது போக மிச்சத்தைக் காற்று கொண்டுபோனது. பிறகு ஆமை முட்டை காக்க வந்தார்கள். பிறகு பிளாஸ்டிக் பொறுக்க வந்தார்கள். ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு கூட்டம், ஒரு படம், ஒரு டீ-ஷர்ட். திட்டம் முடிந்துபோகும், டீ-ஷர்ட் முடியாது. நிக்கொலஸின் மனைவி எமிலியா ஆமைப் படம் போட்டதால் அடுப்படி துடைத்தார். கண்டல் படம் போட்டது எஞ்சினுக்குப் போனது. இவ்வளவுக்கும் நிக்கொலஸ் ஒரு கூட்டத்தையும் தவறவிட்டதில்லை. அவருக்குக் கடலில் இருக்கிற உயிர்கள்மேல் உண்மையாகவே ஆசை. அதை வெளியில் சொல்ல வெட்கப்பட்டு, தேத்தண்ணிக்கும் பணிசுக்கும் போகிறேன் என்று சொல்லிக்கொள்வார்.

கடைசியாக வந்தது கடற்பசுத் திட்டம். கடற்பசுவை அந்தப் பக்கம் ஆவுளியா என்பார்கள். தண்ணீருக்கடியில் மாடு போலப் புல் மேயும், மூச்செடுக்க மேலே வரும், குட்டிக்குப் பால் கொடுக்கும். முன்னொரு காலத்தில் வலையில் ஒன்று பட்டால் ஊரே பங்கு போட்டுச் சாப்பிட்டது. நிக்கொலஸும் சின்ன வயதில் சாப்பிட்டிருக்கிறார். பிறகு பிடிக்கக்கூடாது, தின்னக்கூடாது என்று சட்டம் இறுகியது. பிடிக்கவும் தின்னவும் ஆவுளியா மிச்சமில்லாமல் போனது. திட்டத்தை நடத்த வந்த ஷானிகா இளம் பிள்ளை. தமிழை இங்கே வந்துதான் பழகினாள் என்றாலும் வாய் நிறையக் கதைப்பாள். களப்பைச் சுற்றியுள்ள நாற்பத்துமூன்று மீனவர்களை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தாள். ஆவுளியாவைக் கண்டால் எந்த ஊர்ப் பக்கம் என்று மட்டும் போடுங்கள், அது போதும் என்றாள். கல்பிட்டிப் பட்டணத்திலிருந்து தொழிலுக்குப் போகிற ஹயாத்து முகம்மது குழுவுக்குத் தலைவர். உச்சமுனைக்குப் பொறுப்பு நிக்கொலஸ். காலை வணக்கமும் பூப் படமும் தவிர அந்தக் குழுவில் ஆறு மாசமாக ஒன்றும் வரவில்லை.

பிறகு 2022 வந்தது. மண்ணெண்ணெய் இல்லாத வருஷம். போட்டுகள் எல்லாம் மணலில் கவிழ்ந்து கிடந்தன. எஞ்சினைக் கழற்றிச் சாக்கால் மூடி வைத்துவிட்டு, இருக்கிறவன் வள்ளத்தில் பாய் கட்டினான், இல்லாதவன் வீட்டில் இருந்தான். கல்பிட்டிக்குப் போய் அரிசி கொண்டுவருவதே ஒரு பயணமாகிப்போனது. பருப்பு கண்ணில் படவில்லை. ஒரு நேரம் சோறும் சம்பலும், மற்ற நேரம் தேத்தண்ணி. ஆனால் களப்பு அமைதியானது. எஞ்சின் சத்தம் இல்லாத தண்ணீரை நிக்கொலஸ் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டார்.

தலவில அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்கு இரண்டு கிழமை இருந்த ஒரு காலை, காற்று விழுந்துவிட்டது. நிக்கொலஸின் வள்ளம் பாயைத் தொங்கப்போட்டுக்கொண்டு கடற்புல் வளர்ந்த திட்டுக்குமேல் நின்றது. ஒன்றரைப் பாகத் தண்ணீர், ஒன்றரை ஆள் ஆழம். பக்கத்தில் யாரோ பெருமூச்சு விட்டது கேட்டது. திரும்பினார். சாம்பல் நிற மூக்கு ஒன்று மேலே வந்து, இரண்டு துவாரம் திறந்து, மூடி, உள்ளே போனது. அதன் அருகே சின்னதாக இன்னொரு மூக்கு. தாயும் குட்டியும். குட்டி தாயில் பாதி இருக்கும். பால் மறக்கிற பருவம். அதுவும் தாயோடு சேர்ந்து புல் மேய்ந்தது, கீழே சேறு புகைந்தது. தூண்டில் போட மறந்து, பசியை மறந்து, வெயில் தலைக்கு ஏறும்வரை நிக்கொலஸ் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருஷம் முழுக்க அவருக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அதுதான்.

சந்தோஷம் வந்தால் மனிதனுக்கு வாய் நிற்காதே. சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு வந்ததும் தொலைபேசியை எடுத்து, குழுவில் குரல் பதிவு போட்டார். உச்சமுனைப் பக்கம் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். அவர் கைதேர்ந்தவர் அல்லவா, அரைகுறையாகச் சொல்லத் தெரியாது. கோயில் சிலுவையையும் டெலிபோன் டவரையும் ஒன்றாகப் பிடித்து, அந்தப் பக்கம் உடைந்த ஐஸ் காம்பராக் கட்டிடத்தின் மூலையை ஒற்றைத் தென்னையோடு சேர்த்தால் சரியாக அந்த இடம் என்று, நாற்பது வருஷம் யாருக்கும் சொல்லாத கணக்கில் சொன்னார். ஷானிகா இதயப் படம் ஒன்றை அனுப்பி, அங்கிள், எந்த ஊர்ப் பக்கம் என்று கேட்டாள். அவளுக்குக் குறி விளங்கவில்லை. மற்ற நாற்பத்திரண்டு பேருக்கும் விளங்கியது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது நுணல் இல்லை, பாவம், பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த சீவன்.

நாலாம் நாள் பக்கத்து வீட்டு யாக்கோபின் மனைவி ஒரு பையோடு வந்தாள். கறிக்கு என்றாள். ஒரு வீட்டுக்கு நல்லது கிடைத்தால் பக்கத்து வீட்டுக்குக் கறிக்குக் கொடுப்பது அங்கே வழக்கம். எங்கே கிடைத்தது என்று கேட்கக்கூடாது. திருப்பிக் கொடுத்தால் உறவு முறிந்தது என்று அர்த்தம். கல்பிட்டியில் ஒரு மாடு அடித்தார்களாம் என்று அவளாகவே சொல்லிவிட்டுப் போனாள். நாலு மாசமாக இறைச்சி வாசம் அறியாத அடுப்படியில் எமிலியா அன்று மத்தியானம் சட்டி வைத்தார்.

பீங்கானில் சோறு போட்டு, கறியை ஊற்றி வைத்துவிட்டு எமிலியா சட்டி கழுவப் பின்னால் போனார். மிளகு வழக்கத்தைவிடக் கூட, மூக்கில் ஏறியது. நிக்கொலஸ் முதல் வாயை வைத்தார். மிளகுக்குக் கீழே அந்த ருசி இருந்தது. மாட்டுக்கு இல்லாத மெதுமை, நாக்கில் ஒட்டுகிற கொழுப்பு. பத்து வயதில் சாப்பிட்டது நாற்பத்தைந்து வருஷம் கழித்து வந்து வாய்க்குள் நின்றது. அவருக்குத் தெரிந்துவிட்டது. எந்த ஆவுளியா, எந்த இடம், யார் சொல்லிக் கொடுத்த குறி, எல்லாம் தெரிந்துவிட்டது.

தெரிந்த பிறகும் பீங்கானைத் தள்ளிவைக்கவில்லை. பசித்தது. முழுதையும் சாப்பிட்டார், ஒட்டிய குழம்பையும் வழித்துச் சாப்பிட்டார். கை கழுவி எழும்பி, மாடு நல்ல இளசு என்று எமிலியாவிடம் சொன்னார்.

இதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்துத் திருவிழாவில் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலில் இருந்தபோது, கோபப்பட்டேன், பொய் சொன்னேன் என்று பழைய பட்டியலை ஒப்புவித்துவிட்டு எழும்பினார். குறியைச் சொன்ன வாயால் பாவத்தைச் சொல்ல முடியவில்லை. வலை விரித்தவன் யாரென்று தேடவும் முடியவில்லை. யாரிடம் போய் என்னவென்று கேட்பது? தீவில் எத்தனை வீட்டுக்குக் கறிக்குப் போனதோ, அத்தனை வாயும் அடைத்துப்போயிருந்தது. அதில் அவருடைய வாயும் ஒன்று.

கறி தின்ற மறுநாளே அந்த இடத்துக்குப் போனார். வெகுநேரம் தண்ணீரில் ஒன்றும் இல்லை. பிறகு சின்ன மூக்கு மட்டும் மேலே வந்தது. குட்டி தனியே வட்டமிட்டது. ஓரிடத்தில் நின்று மேயாமல், வருவதும் போவதுமாக அந்தத் திட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. நிக்கொலஸ் அழுதார். வெட்கப்படாமல் அழுதார், பார்க்க அங்கே ஒருவரும் இல்லை.

அன்று போட்ட நங்கூரம்தான். நங்கூரம் போட்டு நிற்கிற வள்ளத்தைச் சுற்றி வலை விரிப்பது அந்தக் களப்பில் மரியாதையில்லை. எவ்வளவு மீன் இருந்தாலும் விலகித்தான் போவார்கள். ஆகப் பகலுக்கு அவர் போதும். ஆனால் வலைகள் இறங்குவது பொழுதுபட்ட பிறகு. அதற்கு ஒரு பொய் வேண்டியிருந்தது. சண்டைக் காலத்தில் மூழ்கிப்போன கடற்படைத் தெப்பம் ஒன்றின் இரும்பு அங்கே அடியில் கிடக்கிறது, வலையைக் கிழித்துப்போடுகிறது என்று கரையில் சொன்னார். சொன்னால் நம்புவார்களா? தன்னுடைய புது வலையைப் படகில் வைத்துக் கத்தியால் நாலு இடத்தில் கிழித்து, எல்லாரும் பார்க்கும்படி மணலில் விரித்துப்போட்டார். இளந்தாரிகள் வந்து பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். அதன்பிறகு ஒருவரும் அங்கே வலை இறக்கவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை பொய் மங்கிப்போகிற மாதிரித் தெரிந்தால், நிக்கொலஸ் மறுபடியும் ஒரு வலையைக் கிழிப்பார்.

வலை பொத்துவது எமிலியா. முற்றத்து வேம்பில் வலையைக் கட்டி, ஊசியும் நூலுமாக உட்காருவார். முதல் தடவை கிழிசலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அந்த இரும்பு நல்ல கூர் என்று மட்டும் சொன்னார். நிக்கொலஸ் முழங்கால் வலி என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

மூன்று வருஷம். சொல்ல ஒரு சொல், இருந்து பார்த்தால் தெரியும். மண்ணெண்ணெய் திரும்பி வந்தது, எஞ்சின்கள் திரும்பி வந்தன, காற்றுப் பட்டம் கட்டித் தண்ணீரில் விளையாடுகிற வெள்ளைக்காரரும் திரும்பி வந்தார்கள். குட்டி சில கிழமை காணாமல் போகும். செத்துவிட்டது, விட்டது சனியன், இனி வீட்டில் இருக்கலாம் என்று அவர் நினைக்கிற நாளில் பக்கத்தில் பெருமூச்சு கேட்கும். சந்தோஷமும் வரும், சலிப்பும் வரும். அது வளர்ந்து இப்போது ஒரு ஆள் நீளத்தைத் தாண்டிவிட்டது. அவர் தேய்ந்துபோனார். முதுகு வெயிலில் கறுத்து உரிந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசையில் முன்னால் இருக்கிற முதுகுகளைப் பார்த்து, இவனா, அவனா என்று நினைப்பார். அடுத்த நிமிஷம் தன்னுடைய நாக்கு ஞாபகத்துக்கு வரும். ஷானிகா மாசத்துக்கு ஒரு தடவை கேட்பாள். காணவில்லை மிஸ் என்று எழுதி அனுப்புவார். ஒரு நாள் அவருடைய பொறுப்பை யாக்கோபுக்குக் கொடுத்துவிட்டாள். அவள் கோபிக்கவில்லை, அங்கிளுக்கு வயசாகிவிட்டது என்றுதான் சொன்னாள். அது கோபத்தைவிட நொந்தது.

இந்த வருஷம் கூட்டத்துக்கு அழைப்பு வந்தபோது போகிற எண்ணம் அவருக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை, கடலுக்குப் போகாத நாள், பூசை முடிந்து கோயில் மண்டபத்திலேயே கூட்டம் என்பதால் எமிலியா இழுத்துக்கொண்டு போனார். முப்பது பேர் வந்திருந்தார்கள். ஹயாத்து முகம்மது கல்பிட்டியிலிருந்து ஆறேழு பேரோடு போட்டில் வந்திருந்தார். மேசையில் களப்பின் பெரிய வரைபடம். பக்கத்துக் கதிரையில் வனஜீவராசிகள் உத்தியோகத்தர் ஒருவர் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். ஷானிகா விளக்கினாள்: ஒரு கம்பனி கடற்பாசி வளர்க்க மிதவை போடக் கேட்கிறது, ஆவுளியா வருகிற இடங்களை விட்டுவிட்டு மற்ற இடங்களைக் கொடுக்கப்போகிறார்கள். கொடுக்கப்போகிற இடங்களில் நீலக் காகிதம் ஒட்டியிருந்தாள். நிக்கொலஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். அவருடைய இடத்துக்குமேல் ஒரு நீலக் காகிதம் இருந்தது.

மூன்று வருஷமாக அங்கே ஒன்றும் காணப்படவில்லை, அதனால் பிரச்சினை இல்லை என்று ஷானிகா சொல்லிக்கொண்டு போனாள். யாருக்காவது மாற்றுக் கருத்து இருந்தால் இப்போதே சொல்லவேண்டும், நாளைக்குப் பட்டியல் போகிறது என்றாள்.

சொல்லாவிட்டால் அந்தப் புல்லின்மேல் கயிறும் மிதவையும் வந்து மூடும். சொன்னால் முப்பது பேர் காதில் விழும். போன தடவை அப்படித்தான் விழுந்தது. சொல்லியும் கெடுத்தாயிற்று, சொல்லாமலும் கெடுத்தாயிற்று. ஒரு நிமிஷம், எனக்கென்ன, நான் களைத்துவிட்டேன் என்று நினைத்தார். உண்மையில் அப்படித்தான் நினைத்தார். பிறகு கையை உயர்த்தினார்.

"மிஸ், அந்த நீலத்தை எடுங்க. அங்க ஒண்டு இருக்கு. மூண்டு வருஷமா நான் பாத்துக்கொண்டு இருக்கிறன்."

ஷானிகா அவரையே பார்த்தாள். "அப்ப ஏன் அங்கிள் எனக்குச் சொல்லல்ல?"

"முதல் சொன்னன்தானே. சொன்னது என்ட பீங்கானுக்குத்தான் வந்திச்சு."

நிக்கொலஸ் நிறுத்தவில்லை, நிறுத்தினால் இனி வராது என்று அவருக்குத் தெரியும். குரல் பதிவையும், கறிக்கு வந்த பையையும், முதல் வாயிலேயே ருசி தெரிந்ததையும், தெரிந்தும் பசிக்கு முழுதையும் தின்றதையும், குட்டி தனியே சுற்றியதையும், இரும்பு என்று சொன்னது பொய் என்பதையும், வலையைத் தானே கிழித்ததையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். பையைக் கொண்டுவந்தது யார் என்று சொல்லவில்லை. இந்தத் தடவை பாவத்தைச் சொன்னார், குறியைச் சொல்லவில்லை. எமிலியா மூன்றாம் வரிசையில் மடியில் கையை வைத்துக்கொண்டு இருந்தார். அந்தப் பக்கம் பார்க்க நிக்கொலஸுக்குத் தைரியம் வரவில்லை.

உத்தியோகத்தர் அவருடைய முழுப் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். சாட்சிப் பட்டியலிலா, குற்றவாளிப் பட்டியலிலா என்று நிக்கொலஸும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பின்வரிசையில் யாக்கோபு எழும்பினான். ஏதோ சொல்ல வாயைத் திறந்து, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியில், "எங்கட வீட்டிலயும் அதைத்தான் சமைச்சது," என்று சொல்லிவிட்டுக் குந்திவிட்டான். மற்றவர்கள் அசையவில்லை. வலை விரித்தவன் அந்த மண்டபத்தில் இருந்தானா, இல்லையா, அன்றும் தெரியவில்லை. இனித் தெரியப்போவதும் இல்லை.

ஹயாத்து முகம்மது தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். அறுபத்தைந்து வயது மனிதர் அவர்.

"எங்கட கரைக்கும் அந்தப் பார்சல் வந்திச்சி, நிக்கொலஸ் தம்பி. நான் தின்னல்ல. ஆனா எனக்குத் தெரியும், தெரிஞ்சும் வாயத் தொறக்கல்ல. அதும் ஒண்டுதான்." நிக்கொலஸின் உரிந்த பிடரியைப் பார்த்தார். "ஒங்கட முதுகப் பாருங்க, வெந்து போய்க் கெடக்கு. செவ்வாக்கெழம நான் வந்து நிக்கிறன். நீங்க ஊட்டுல இரிங்க."

ஷானிகா நீலக் காகிதத்தை நகத்தால் உரித்தாள். அது முழுதாக வரவில்லை, பாதி வரைபடத்திலேயே ஒட்டிக்கொண்டது. இப்போதைக்கு எடுக்கிறேன், மேலே என்ன சொல்வார்களோ தெரியாது என்றாள். இடம் எங்கே என்று யாரும் குழுவில் போடவேண்டாம், எனக்கும் சொல்லவேண்டாம் என்றாள். செவ்வாயைத் தவிர வேறு நாட்களுக்கு யார் வருவீர்கள் என்று கேட்டபோது, யாக்கோபும் இன்னும் மூன்று பேரும் கையை உயர்த்தினார்கள். இரண்டு மாசம் போனால் இந்த ஐந்து பேர் இரண்டு பேராவார்கள் என்று நிக்கொலஸ் மனதுக்குள் கணக்குப் போட்டார். திட்டங்களைக் கண்டவர் அல்லவா. பிறகு தேத்தண்ணியும் பணிசும் வந்தன. அவர் எடுக்கவில்லை.

வீட்டுக்குப் போகிற மணல் பாதையில் எமிலியா எப்போதும்போல முன்னால் நடந்தார். வெயில் சுட்டது. யாக்கோபின் வீட்டு வேலியைத் தாண்டினார்கள். பெண்சாதி இனித் தன் கையால் சோறு போடுமோ போடாதோ என்ற பயம் நிக்கொலஸுக்கு உண்மையாகவே வந்துவிட்டது.

"முதல் வாயிலயா?" என்று எமிலியா திரும்பாமல் கேட்டார்.

"ஓம்."

கொஞ்சத் தூரம் நடந்தார். பிறகு நின்றார். "நான் வெட்டக்குள்ளயே கண்டன். அந்தக் கொழுப்பு மாட்டுக்கு வராது. வலையில கத்தி பட்டதும் எனக்குத் தெரியும். முப்பது வருஷமா வலை பொத்திறன், இரும்பு கிழிக்கிறது எப்பிடியெண்டு தெரியாதா?"

நிக்கொலஸ் அவரைப் பார்த்தார். "கண்டுகொண்டு ஏன் சமைச்ச?"

"மூண்டு நாளா நீங்க அந்தத் தாயையும் குட்டியையும் பத்தியே கதைச்சுக்கொண்டு இருந்தீங்க. பசியில கை நடுங்கிக்கொண்டும் இருந்தீங்க. நான் என்னத்தச் செய்ய? உங்களுக்குத் தெரியாமப் போகட்டும் எண்டுதான் மிளகைக் கூடப் போட்டன்."

மூக்கில் ஏறிய அந்தக் காரம் நிக்கொலஸுக்கு அந்த இடத்தில் திரும்பவும் ஏறியது. மூன்று வருஷமாக ஒரே சட்டியின் இரண்டு பக்கத்தில் இருந்துகொண்டு, மற்றவருக்குத் தெரியாது என்று நினைத்து இரண்டு பேரும் காவல் இருந்திருக்கிறார்கள். எமிலியா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாசலில் காய்ந்துகொண்டிருந்த வலையை இழுத்து ஒரு ஓரமாகப் போட்டார். அதில் இந்த மாசத்துக் கிழிசல் இரண்டு இன்னும் பொத்தாமல் இருந்தன.

"இனி இதை வெட்டாதீங்க," என்றார். "என்ட கண்ணும் இப்ப முந்தி மாதிரி இல்ல."

செவ்வாய்க்கிழமை காலை நிக்கொலஸ் கடலுக்குப் போகவில்லை. கரைக்கு வந்து, கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தார். கல்பிட்டிப் பக்கமிருந்து ஒரு போட் வந்தது. தூரத்திலேயே எஞ்சினை நிறுத்தி, துடுப்புப் போட்டு, அவருடைய இடத்துக்குப் போய் நங்கூரம் இறக்கியது. சரியாக அந்த இடம். ஹயாத்து முகம்மதுவுக்குக் குறி தெரிந்திருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நிக்கொலஸ்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்.